நடிகர் ஐவர் நொவெல்லோவை எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது?

பெயரை மட்டும் போட்டுத் தேடினால் விருதுச் செய்திகளாகத்தான் கொட்டும். பிரிட்டனில் பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் 1956 முதல் கொடுத்துவரும் விருதுக்கு இவர் பெயரை வைத்துவிட்டார்கள், அதற்கு அடியில் ஆளே புதைந்துபோனார். 1920களில் பிரிட்டிஷ் மௌனப் படங்களின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் இந்த வேல்ஸ்காரர் என்பது பலருக்குத் தெரியாது. அதனால் பெயரோடு ஒரு படத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். இளமைக்காலம் வேண்டுமென்றால் 'டேவிஸ்' என்று தேடுங்கள், ஏனென்றால் 1893 ஜனவரி 15 அன்று கார்டிஃபில் பிறந்தபோது அவர் டேவிட் ஐவர் டேவிஸ்; சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டது 1927இல்தான். அம்மா கிளாரா நொவெல்லோ டேவிஸ் அங்கே பேர்போன பாட்டு டீச்சர், மகன் பிறந்த அதே வருடம் தன் பெண்கள் பாடகர் குழுவை சிகாகோ உலகக் கண்காட்சிக்கே கூட்டிப்போனவர். வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. முதலில் அம்மா பெயரைப் போட்டுப் பாருங்கள், குடும்பம் எப்படிப்பட்டது என்று பிடிபடும்.

சரி, படத்துக்கு வருவோம். வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிட்டுப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். நேராக 1927இல் வெளியான 'தி லாட்ஜர்' பாருங்கள், ஹிட்ச்காக் இயக்கியது. நான் முதல்முறை பார்த்தது ஏதோ ஒரு தளத்தில் கிடந்த மங்கிப்போன பிரதி. எல்லோரும் ரயிலுக்கு நேரமாகிவிட்ட மாதிரி ஓடினார்கள், பின்னணியில் சம்பந்தமே இல்லாத பியானோ. அரைமணி நேரத்தில் மூடிவிட்டேன், மௌனப் படமே நமக்கு ஆகாது என்று இரண்டு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. தப்பு படத்தில் இல்லை, பிரதியில்.

ஆகவே பிரதியைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2012இல் புதுப்பித்த பிரதி சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடும். உங்களிடம் இருப்பது ஒன்றேகால் மணிக்குள் முடிந்தால் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள் அல்லது வெட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நொடிக்கு இத்தனை சட்டம் (ஃபிரேம்) என்று ஒரே கணக்குக் கிடையாது, பதினாறிலிருந்து இருபத்து நான்கு வரை இருக்கும். எல்லாவற்றையும் இருபத்து நான்கில் ஓட்டினால் மனிதர்கள் பொம்மையாகிவிடுவார்கள். வேறு பிரதி கிடைக்கவில்லையென்றால் பிளேயரில் வேகத்தை 0.8 பக்கம் குறைத்துப் பாருங்கள், நடை மனித நடையாகும். நல்ல பிரதியில் இரவுக் காட்சி நீலமாகவும் வீட்டுக்குள் மஞ்சளாகவும் இருக்கும். அது கோளாறு இல்லை, அப்போதே சாயம் ஏற்றியதுதான். புதுப்பித்த பிரதிக்கு நிதின் சாஹ்னி இசை, சில இடத்தில் பாட்டே வருகிறது. எனக்கு அது ஒட்டவில்லை. அந்த இடத்தில் சத்தத்தை நிறுத்திவிடுவேன்.

இப்போது ஆளைப் பாருங்கள். லண்டனில் செவ்வாய்க்கிழமை தோறும் பொன்னிறக் கூந்தல் பெண்கள் கொல்லப்படுகிறார்கள், பனிமூட்டத்தில் ஒருவன் வாடகை அறை கேட்டு வந்து நிற்கிறான், கதவு திறந்தால் கழுத்துத்துணி மூக்குவரை மூடியிருக்கிறது. அந்த முகத்துக்காகவே டிக்கெட் வாங்கி வந்தவர்களிடம் முகத்தைக் காட்டாமல் கண்ணை மட்டும் காட்டுகிறார் ஹிட்ச்காக்! அப்புறம் அவன் மேலே நடக்கும்போது கீழே இருப்பவர்களுக்குக் காலடி கேட்க வேண்டும். சத்தம்தான் இல்லையே. தடிமனான கண்ணாடித் தளம் போட்டு அதன்மேல் நொவெல்லோவை நடக்கவிட்டுக் கீழேயிருந்து படம்பிடித்தார்கள், விளக்கு ஆட, கூரை வழியாகவே பாதம் தெரியும். இந்த இடத்தை இரண்டு தடவை பார்க்கலாம், ஒரு தடவை தந்திரத்துக்காக, இன்னொரு தடவை நடைக்காக.

படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கடைசியில் அவன் குற்றவாளி இல்லை. 'முடிவைச் சந்தேகத்திலேயே விடத்தான் விரும்பினேன், நொவெல்லோ மாதிரி நட்சத்திரம் கொலைகாரனாக இருக்க முடியாது என்பதால் மாற்ற வேண்டியதாயிற்று' என்று ஹிட்ச்காக்கே பிற்பாடு சொன்னார். இதை மனதில் வைத்துக்கொண்டால் இவருடைய மற்றப் படங்கள் எளிதில் புரியும், ஏனென்றால் எல்லாவற்றிலும் இந்த நட்சத்திரக் கணக்குதான் கதையை இழுக்கிறது.

அடுத்தது 'டவுன்ஹில்', அதே 1927, அதே இயக்குநர். முப்பது வயதைத் தாண்டியவர் பள்ளி மாணவனாக வருவார், சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள். நண்பன் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு படிப்படியாகக் கீழே போகிறவன் கதை. கனவான் உடையில் நிற்கிறார், கேமரா நகர்ந்தால் சர்வர், இன்னும் நகர்ந்தால் அதுவும் நாடக மேடை — ஒரே காட்சியில் மூன்று பொய். இது அவரும் நடிகை கான்ஸ்டன்ஸ் கோலியரும் டேவிட் லெஸ்ட்ரேஞ்ச் என்ற புனைபெயரில் எழுதிய நாடகம். அதே கூட்டணியின் இன்னொரு நாடகம்தான் 1925இல் படமான 'தி ராட்', பாரிஸ் திருடன் வேடம், அடுத்தடுத்து இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. மூன்றையும் பார்க்க வேண்டியதில்லை, முதல் படம் போதும்.

அதற்குப் பிறகு பின்னோக்கிப் போகலாம். 1923இல் அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் இவரை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டு எடுத்த 'தி ஒயிட் ரோஸ்' கொஞ்சம் இழுவை; நேரமிருந்தால் பாருங்கள். அதைவிட முக்கியம், படத்துக்கு முன்பே இவர் பெயர் வீடுதோறும் போய்ச் சேர்ந்திருந்தது. 1914இல் போர் தொடங்கியபோது 'கீப் தி ஹோம் ஃபயர்ஸ் பர்னிங்' பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் இவர்தான், அப்போது வயது 21. வரிகளை எழுதிய லீனா கில்பர்ட் ஃபோர்ட் 1918இல் லண்டன் விமானத் தாக்குதலில் இறந்துபோனார். முதல் படம் 1920இல்தான். அந்தப் பாட்டின் பழைய இசைத்தட்டுப் பதிவு எதையாவது கேட்டுவிடுங்கள்.

பேசும்படம் வந்ததும் குரல் இல்லாமல் விழுந்தவர்கள் பட்டியலில் இவரைச் சேர்க்காதீர்கள், பலரும் செய்யும் தப்பு இது. ஹாலிவுட்டில் எம்ஜிஎம் ஸ்டூடியோ இவரைக் கூப்பிட்டு 1932இன் டார்ஜான் படத்துக்கு வசனம் எழுத வைத்தது (டார்ஜானுக்கு வசனம்!). திரும்பிவந்து 1934இல் கடைசிப் படத்தோடு சினிமாவை விட்டார், அடுத்த வருடமே 'கிளாமரஸ் நைட்' இசைநாடகத்தோடு லண்டனின் டிரூரி லேன் அரங்கைப் பிடித்தார். 1951 மார்ச் 6 அன்று, மேடையில் நடித்துவிட்டு வந்த சில மணி நேரத்தில் இறந்தார். இறந்தது ஸ்ட்ராண்ட் தியேட்டருக்கு மேலிருந்த அவர் வீட்டில். 2005 முதல் அந்த அரங்கே நொவெல்லோ தியேட்டர்.

கடைசியாக இரண்டு படம், இதே வரிசையில். 1932இல் மாரிஸ் எல்வி இயக்கத்தில் நொவெல்லோவே மறுபடி நடித்த பேசும் 'லாட்ஜர்'. குரலைக் கேட்கலாம், கண்ணாடித் தளத்தைத் தேடி ஏமாறலாம். பிறகு ராபர்ட் ஆல்ட்மனின் 2001ஆம் ஆண்டுப் படம் 'காஸ்ஃபோர்ட் பார்க்'. அதில் ஜெரமி நார்தம் நொவெல்லோவாகவே வந்து பியானோ முன் உட்கார்ந்து அவருடைய பாட்டுகளையே பாடுவார், விருந்துக்கு வந்த சீமாட்டி ஒருத்தி ஓடாமல்போன லாட்ஜரைச் சொல்லி நைசாகக் குத்துவாள். அவள் சொல்வது எந்த லாட்ஜர் என்று அப்போது உங்களுக்குத் தெரியும்.