லித்தியம் பேட்டரிக்குக் கிடைத்த அடாப்டரில் சார்ஜ் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கங்களில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் முதல் கடையின் அவசர விளக்கு வரை, முன்பு ஈய அமில பேட்டரி இருந்த இடங்களில் இன்று லித்தியம் பேக்குகள் (பல செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரிகள்) ஏறியுள்ளன. உடன் வந்த சார்ஜர் பழுதாகிவிட்டால், வீட்டில் கிடக்கும் லேப்டாப் அடாப்டரையோ, எல்.இ.டி. விளக்குக்கான எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளையையோ, பழைய டிரான்ஸ்ஃபார்மரையோ மாட்டிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சிறிய பேக்குகளுக்கு இதைப் பாதுகாப்பாகச் செய்ய வழி உண்டு. ஆனால் மின்சார ஸ்கூட்டரின் பேக்குக்கு அதற்குரிய சார்ஜரைத் தவிர வேறெதையும் இணைக்கவே கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

முதல் தவறு, மேலே ஒட்டியிருக்கும் ‘12 வோல்ட்’ என்ற எழுத்தை நம்புவது. மூன்று லித்தியம் அயன் செல்களை வரிசையாக இணைத்த பேக்கும் 12 வோல்ட் என்றே விற்கப்படுகிறது. நான்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் கொண்டதும் அதே பெயரில்தான் வருகிறது. முன்னதன் உச்ச வரம்பு 12.6 வோல்ட், பின்னதற்கு 14.6 வோல்ட். ஸ்பிரேயரின் பழைய ஈய அமில சார்ஜர் ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை ஏற்றும் என்பதால், அதை மூன்று செல் பேக்கில் மாட்டினால், 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத ஒவ்வொரு செல்லின் மீதும் 4.8 வோல்ட் திணிக்கப்படும். அந்த நிலையில் உள்ளிருக்கும் மின்பகு திரவம் சிதைந்து வாயுவாகிறது, செல் உப்புகிறது, வெப்பம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் கட்டத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே, பேக்கின் உள்ளே என்ன வகைச் செல், எத்தனை செல்கள் வரிசையாக இணைந்துள்ளன என்று தெரியாமல் எதையும் இணைக்க வேண்டாம்.

‘உள்ளே பி.எம்.எஸ். இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்’ என்பது அடுத்த தவறு. பி.எம்.எஸ். என்பது அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க பேக்குக்குள் வைக்கப்படும் மின்னணுப் பலகை; அது கடைசிக் காவல் மட்டுமே. சார்ஜர் செய்ய வேண்டிய வேலையைச் செய்வதற்காக அது வைக்கப்படவில்லை. அதில் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிப் பழுதானால் தடுப்பே இருக்காது. மலிவான பேக்குகள் சிலவற்றில் அந்தப் பலகையே கிடையாது.

டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றுவது அதுதான். 12 வோல்ட் ஏ.சி. தரும் டிரான்ஸ்ஃபார்மரோடு, அதை டி.சி.யாக மாற்றும் பிரிட்ஜ் டயோடும் கெப்பாசிட்டரும் சேர்த்தால், சுமை இல்லாத நிலையில் வெளியே 15.5 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், 12 அல்ல. அதோடு, மோட்டார்களும் மின்விசிறிகளும் ஓடும் மாலையில் லைன் வோல்ட்டேஜ் இறங்கியிருக்கும். ஊர் உறங்கிய பின் அது ஏறும்போது, கட்டுப்பாடில்லாத இந்த அமைப்பின் வெளியீடும் கூடவே ஏறும். மாலை ஏழு மணிக்கு மீட்டரில் சரியாகத் தெரிந்த அளவு, பேக் நிரம்பும் தறுவாயில், யாரும் விழித்திராத நேரத்தில் எல்லை மீறுகிறது. மின்னோட்டத்தைக் குறைக்கச் சிலர் தொடரில் ஒரு பல்பைச் சேர்க்கிறார்கள். பேக் நிரம்பும்போது ஓட்டம் குறைந்துவிடுவதால் பல்பின் தடையும் குறைந்து, முழு வோல்ட்டேஜும் செல்களுக்கே போய்ச் சேரும்.

வோல்ட்டேஜுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று என இரண்டு திருகுகள் கொண்ட, வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் பக் கன்வர்ட்டர் பலகையை, தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் பேட்டரிக்கும் இடையில் வைப்பதே ஏற்கத்தக்க வழி. இங்கேயும் எதை முதலில் செய்வது என்பதில் பலர் தவறுகிறார்கள். பேட்டரியை இணைத்த பிறகு திருகைத் திருப்பக் கூடாது. முதலில் வெளியீட்டை வெறுமையாக வைத்து, மூன்று செல் பேக்குக்கு 12.6 வோல்ட், ஆயுள் கூட வேண்டுமானால் 12.3 வோல்ட் என்று அமைக்க வேண்டும். பிறகு கரண்ட் திருகை முழுவதும் இறக்கி, 10 ஆம்பியர் அளவில் வைத்த மல்டிமீட்டர் வழியாக வெளியீட்டின் இரு முனைகளையும் இணைத்து, 10 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேக் என்றால் 2 ஆம்பியர் வரை மட்டும் ஏற்ற வேண்டும். அடுத்து, சிவப்புக் கம்பியை மீட்டரின் வோல்ட் துளைக்கு மாற்றுவதைப் பலர் மறக்கிறார்கள். ஆம்பியர் துளையில் இருக்கும் கம்பியோடு பேட்டரி முனைகளைத் தொட்டால் அது நேரடி ஷார்ட். கம்பி முனை உருகித் தெறிக்கும். இந்த அமைப்பு தானாக நிற்காது என்பதால், ஓட்டம் அரை ஆம்பியருக்கு இறங்கியதும் நாமே கழற்ற வேண்டும். கழற்றும்போது பேட்டரியை முதலில் பிரிக்க வேண்டும். பவர் சப்ளையை முதலில் அணைத்தால் பேட்டரியிலிருந்து மின்சாரம் பலகைக்குள் திரும்பி ஓடக்கூடும்.

பல மாதம் கிடந்து, செல் ஒன்றுக்கு 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்ட பேக்கை பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேரடியாக மின்சாரம் கொடுத்து எழுப்புவது இன்னொரு ஆபத்து. அந்த நிலையில் செல்லுக்குள் இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும்; மீண்டும் சார்ஜ் ஏறும்போது அந்தச் செப்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக்கும். அத்தகைய பேக்கைக் கைவிடுவதுதான் சரி.

இடத்தையும் நேரத்தையும் கவனிக்காமல் விடுவதுதான் உயிரைப் பறிக்கிறது. 2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில், இரவில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். நம் வீடுகளில் வண்டியும் பேட்டரியும் வாசலை ஒட்டிய நடையில்தான் நிற்கின்றன. தீப்பிடித்தால் வெளியேறும் வழியே முதலில் அடைபடும். பெரும்பாலான செல்களுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது என்ற வரம்பு இருக்க, கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையின் உட்புறம் அதைச் சாதாரணமாக எட்டிவிடும். எனவே விடியற்காலையில், விழித்திருக்கும் நேரத்தில், வாசலுக்கும் படுக்கைக்கும் விலகிய சிமெண்ட் தரையில், பக்கத்தில் துணியோ அட்டையோ இல்லாமல் சார்ஜ் போட வேண்டும். பேக் கையால் தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ, உப்பினாலோ, இனிப்பான வாடை வந்தாலோ, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டு விலக வேண்டும். புகை வந்துவிட்டால் பேக்கைத் தூக்கிக்கொண்டு ஓட முயலாமல், வீட்டிலுள்ள எல்லோரையும் வெளியேற்றிய பிறகு 101 அல்லது 112 எண்ணை அழைத்து, எரிவது லித்தியம் பேட்டரி என்று தெளிவாகச் சொல்லுங்கள்.