தெருக்காரர் சொன்னதைத் தெருவிலேயே நாடகமாகப் போட

சென்னையில் பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு, அதையே நாடகமாக்கி அங்கேயே போட ஆசையா? அப்படியென்றால் இப்போதே கேட்கப் போங்கள். இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் வேலை பார்த்த துணி ஆலையான பின்னி மில் 1996-இல் மூடப்பட்டது. அன்றைக்கு முப்பது வயதில் வேலை பார்த்தவர் இன்று அறுபதை ஒட்டியிருப்பார், அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்களோ.

"உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால், "என்னத்தச் சொல்றது, கஷ்டப்பட்டோம்பா" என்பதோடு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். காலைச் சங்கு ஊதும்போது வீட்டில் யார் முதலில் எழுந்தது? மத்தியானச் சாப்பாட்டை யார் கொண்டுபோனது? மில் மூடின வருஷம் வீட்டில் எதையெல்லாம் அடகு வைத்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தாத்தா வாய் திறக்காமல் இருப்பார், சமையல் பக்கமிருந்து ஆயாதான் பதில் சொல்வார், அதனால் ஆயாவிடம் இன்னொரு நாள் தனியாக உட்காருங்கள். போனில் பதிவு செய்யலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்புறம் ஃபேனை நிறுத்துங்கள், இல்லையென்றால் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும்.

பழைய விஷயங்களில் கவனம் தேவை. 1918-இல் தொழிற்சங்கத் தலைவர்கள் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியதையோ, 1921-இல் இந்த மில்லில் நடந்த வேலைநிறுத்தத்தையோ நேரில் பார்த்தவர் இன்று யாரும் இல்லை. "எங்க பாட்டன் சொல்வார்" என்றுதான் வரும், மேடையிலும் அப்படியே வரட்டும். அந்த வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் சாதி வழியாகத் தொழிலாளர்கள் பிளந்து கலவரமே நடந்தது. ஒரு தெருவில் மட்டும் கேட்டு எழுதினால் அடுத்த தெருக்காரர் வலி உங்கள் நாடகத்தில் இருக்காது. ஆதிதிராவிடர் குடும்பங்களிடம் போகாமல் இந்தக் காட்சியை எழுதவே எழுதாதீர்கள்.

பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். "வந்துகினு இருந்தேன்" என்று சொன்னவரை "வந்துகொண்டிருந்தேன்" என்று திருத்தினால் அவர் போய்விடுவார், நீங்கள்தான் மிச்சம். இரண்டு மணி நேரப் பேச்சில் ஐந்து நிமிடம் தேறினால் போதும். ஒத்திகைக்கு முன்னால் அந்த ஐந்து நிமிடத்தைச் சொன்னவரிடமே வாசித்துக் காட்டுங்கள். எடு என்றால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் சரி. பெயர்களை மாற்றுங்கள்.

நடிக்கத் தெருப் பிள்ளைகளே போதும். காவல் நிலைய அனுமதியை முன்னதாகவே வாங்குங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிருங்கள், முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கதை சொன்னவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி.

நாடகம் முடிந்ததும் மைக்கை அணைத்துவிடாமல் கூட்டத்துக்குள் கொடுங்கள். "அது அப்படி இல்லப்பா, நான் அன்னிக்கு மில் கேட்டுலதான் நின்னேன்" என்று யாராவது எழுந்திருப்பார். அவர் வீடு எது என்று கேட்டுக்கொண்டு, மறுநாளே போய்ப் பாருங்கள்.