ஆற்றங்கரைக் கல்லில் இலை தெரிந்தால்

சோளகக் காலத்தில் வன்னியின் கனகராயன் ஆறு வற்றிக் கிடக்கும்போது, கல்லில் பன்னம் மாதிரிக் கறுப்புக் கிளை படர்ந்திருப்பதைக் கண்டதும் புதைபடிவம் என்று துள்ளவேண்டாம். பெரும்பாலும் அது வெடிப்புக்குள் ஊறிய மாங்கனீசுக் கறை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். உண்மையான இலையென்றால் நடுநரம்பும், ஒழுங்காகப் பிரியும் பக்க நரம்புகளும் இருக்கும். கறைக்கு நரம்பு ஏது? வெடிப்பின் ஓரத்திலிருந்து கண்டபடி கிளைவிட்டிருக்கும்.

வன்னியின் அடிப்பாறை பெரும்பாலும் நிலத்தின் ஆழத்தில் சூட்டாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பாறை. அந்தச் சூட்டிலும் அமுக்கத்திலும் இலை தப்பாது. மரவரி போலத் தெரியும் கோடுகளும் கனிமப் பட்டைகள்தான். இலைப் படிவத்துக்குப் புத்தளம் பக்கம், தப்போவவில் சேறும் மணலும் படிந்து இறுகிய ஜுராசிக் காலப் படிவுப்பாறைக்குத்தான் போகவேண்டும்.

சரி, உருண்டைக் கட்டிகள்? வெளிறியது என்றால் தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கட்டி. வேரைச் சுற்றி வளர்ந்ததென்றால் நடுவில் நீளத்துக்கு ஓட்டை இருக்கும். அதை எலும்பு என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. பழுப்பாக, பாரமாக இருந்தால் டைல்ஸின் மெருகில்லாத பின்புறத்தில் உரசுங்கள். துருநிறக் கோடு விழுந்தால் இரும்புக் கட்டி.

எடுக்கமுன் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து, கரையின் மண்படையும் தெரியப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.