குழந்தைக்கு வேர்க்கடலையைப் பழக்குவது எப்படி

வேர்க்கடலை ஒவ்வாமைக்கு அஞ்சி அதைக் குழந்தையின் கண்ணிலேயே காட்டாமல் வளர்ப்பது, அந்த ஒவ்வாமையைத் தடுக்கும் வழி அன்று. ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை கடலை வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000இல் சொல்லியிருந்தது. கடும் கரப்பானோ (எக்சிமா எனும் தோல் அழற்சி) முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளிடம் லண்டனில் ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக்கின் குழுவினர் நடத்தி, 2015இல் வெளியிட்ட 'லீப்' ஆய்வு அதைத் தலைகீழாக்கியது: ஐந்து வயதில் பார்த்தபோது, கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை இருந்தது. உண்டு வந்தவர்களில் 3.2 சதவீதத்தினருக்கே இருந்தது.

கடலைப் புரதம் எந்த வாசல் வழியாக முதலில் நுழைகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. குடல்வழி வரும் புரதத்தை, அந்நியப் பொருள்களைப் பிடித்து நோயெதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்கள் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுசென்று, அதற்கென ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உருவாக வழிசெய்கின்றன. மற்ற எதிர்ப்புச் செல்களை இவை அடக்கிவைப்பதால் உடல் கடலையை உணவாக ஏற்கிறது. (இந்த டி செல்களைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி 2025இன் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்.) கரப்பானால் வெடித்த தோல்வழியே வீட்டுத் தூசியிலுள்ள கடலைத் துகள் முந்திக்கொண்டால், ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே வாய் முந்த வேண்டும்.

கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பரிசோதித்துச் சம்மதித்தால் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம். மற்றக் குழந்தைகளுக்கு, வேறு திட உணவுகள் சில பழகிய பின், ஆறு மாத அளவில் தொடங்கினால் போதும்.

சளியோ காய்ச்சலோ இல்லாத ஒரு நாளில், அடுத்த இரண்டு மணி நேரம் அருகிலேயே இருக்கக்கூடிய பெரியவர் ஒருவர் இதைச் செய்ய வேண்டும். முழுக்கடலையும் உடைத்த கடலையும் தொண்டையில் சிக்கும் என்பதால் கூடவே கூடாது. மைய அரைத்த கடலை வெண்ணெய் இரண்டு தேக்கரண்டியை, இரண்டு மூன்று தேக்கரண்டி வெந்நீரில் கட்டியின்றிக் கரைத்து ஆறவிடுங்கள். கரண்டி நுனியளவு கொடுத்துப் பத்து நிமிடம் காத்திருந்து, ஒன்றும் இல்லையென்றால் மீதியை மெல்ல ஊட்டுங்கள். உடம்பெங்கும் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, இளைப்பு, துவண்டு போதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசிதான்.

முதல் நாள் நல்லபடி முடிந்ததும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் கவலை. லீப் குழந்தைகள் வாரத்துக்கு 6 கிராம் கடலைப் புரதத்தை மூன்று வேளையாகவோ அதற்கு மேலாகவோ பிரித்து, ஆண்டுக்கணக்கில் உண்டார்கள். மேற்சொன்ன கரைசலை வாரம் மூன்று முறை கொடுத்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். அவ்வாறு ஐந்து வயதுவரை உண்டவர்கள் பின்னர் ஓராண்டு கடலையை நிறுத்தியபோதும் அவர்களிடையே ஒவ்வாமை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஏற்கெனவே ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு மட்டும் இம்முறை பொருந்தாது. அதற்கான சிகிச்சை நிபுணரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது.