யாழின் கணக்கை மாணவர் தொட்டறிய: நூதனசாலைப் பயணத்துக்கு ஒரு செய்முறை

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை நம் மாணவர்கள் தமிழறிஞராக அறிவார்கள். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி என்பதும், பண்டைத் தமிழரின் நரம்பிசைக் கருவியான யாழைப் பற்றி 1947இல் வெளிவந்த அவரது 'யாழ் நூல்' என்ற நூலில் நரம்பின் (தந்தியின்) நீளமும் சுரமும் கணக்காகவே ஆராயப்படுகின்றன என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் யாழின் மாதிரியைக் காட்டி, விளக்க அட்டையை வாசிக்கச் சொன்னால் இந்தக் கணக்கு எவருக்கும் விளங்காது. ஆகவே மாதிரிக்குப் பக்கத்தில், தொடுவதற்கென்றே ஒரு நரம்புப் பலகையை வையுங்கள்.

ஒரு மீற்றர் நீளப் பலகையின் இரு முனைகளிலும் ஆணி அறைந்து கிற்றார்க் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். அதன் கீழே 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு மரக்கட்டைகளை நிலையாகப் பொருத்தி, நடுவில் நகர்த்தக்கூடிய மூன்றாவது கட்டை ஒன்றை வையுங்கள். அது கம்பியை மெல்லத் தொட்டால் போதும். உயரமாக இருந்தால் கம்பி கூடுதலாக இறுகி, கணக்குப் பிழைத்துவிடும். பலகையில் அளவுகோலையும் ஒட்டிவிடுங்கள்.

மாணவர் கைவைப்பதற்கு முன், "நீளத்தைப் பாதியாக்கினால் ஒலி என்னவாகும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் தம் விடையைக் கொப்பியில் எழுதும்வரை காத்திருங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால் பலகை வெறும் விளையாட்டுப் பொருளாகிவிடும் என்பது என் எண்ணம். பிறகு கட்டையை நகர்த்தி, மீட்டும் பகுதியின் நீளத்தை 30 சென்ரிமீற்றர் ஆக்கினால், முழுக் கம்பியின் சட்சமமே (ச) மேல் ஸ்தாயியில் கேட்கும். 40இல் பஞ்சமமும் (ப) 45இல் மத்திமமும் (ம) ஒலிக்கும். சங்கீதம் படிக்கும் பிள்ளை சுரத்தைப் பெயர்சொல்ல, கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை பின்னத்தைச் சொல்லட்டும். அதன் பிறகு யாழின் மாதிரியிடம் திரும்பி, நரம்புகள் ஏன் ஒரே நீளத்தில் இல்லை என்று கேளுங்கள். விடையை அவர்களே சொல்வார்கள்.

ஒரு பலகைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். மற்றவர்கள் அந்நேரம் மாதிரியை வரையலாம். பழைய யாழோ மத்தளமோ காட்சியில் இருந்தால் அவற்றைத் தொடவிடாதீர்கள். ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டையையும் அதே நாளில் காட்டிவிடும் ஆசை வரும். அதை இன்னொரு நாளுக்கு வைத்துவிட்டு, மிஞ்சும் நேரத்தில் இரண்டாவது கம்பி ஒன்றைக் கட்டி, இறுக்கம் கூடினால் ஒலி எப்படி மாறுகிறது என்று பார்க்க விடுங்கள்.