பூட்டிய கூட்டுக்குள் நடக்கும் கதை: ஈஸ்ட் வைரஸ் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஈஸ்ட்டில் இரட்டை இழை ஆர்என்ஏ வைரஸ் எப்படிப் பெருகுகிறது?’ என்று கேள்வி கொடுத்தால், விடைத்தாள்களில் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். வெளியிலிருந்து வைரஸ் வந்து செல்சுவரில் ஒட்டும், மரபுப்பொருளை உள்ளே செலுத்தும், இழைகள் பிரிந்து நகலாகும், கடைசியில் செல் வெடித்து நூறு வைரஸ்கள் வெளியே கொட்டும். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வரைந்து பழகிய கை அது. ஈஸ்ட்டின் இரட்டை இழை ஆர்என்ஏ வைரஸான எல்-ஏவுக்கு இதில் எதுவுமே பொருந்தாது.

எல்-ஏ குடியிருப்பது சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட்டில். ரொட்டிக்கும் பீருக்கும் போடுகிறோமே, அதே இனம்தான். சுமார் 4,600 கார இணைகள் கொண்ட ஒரே ஒரு இரட்டை இழைதான் அதன் மொத்த மரபுச் சொத்து. இந்த வைரஸ் செல்லை விட்டு வெளியே கிளம்புவதே இல்லை. தாய்ச் செல் மொட்டு விடும்போது சைட்டோபிளாசத்தோடு மகள் செல்லுக்குப் போகும். இரண்டு செல்கள் இணைசேர்ந்தால் மற்றதற்கும் பரவும். அவ்வளவுதான். வைரஸ் உள்ள செல்லையும் இல்லாத செல்லையும் இணைசேர்த்தால் நான்கு ஸ்போர்களில் இரண்டில்தான் வைரஸ் இருக்கும் என்று எழுதுவதும் இதனால்தான் தவறு. வழக்கமாக நான்கிலும் இருக்கும். இது குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும் ஜீன் அல்ல, மெண்டல் கணக்கு இதனிடம் செல்லாது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? முதலில் கூட்டை மனதில் வையுங்கள். ‘காக்’ என்ற புரதத்தின் 120 பிரதிகள் சேர்ந்து கட்டிய, ஏறத்தாழ 40 நானோமீட்டர் விட்டமுள்ள உறை. இந்தக் கூடு திறப்பதில்லை. இரட்டை இழையும் வெளியே வருவதில்லை. நகலெடுக்கும் நொதியும் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது பழைய ஜோடியைப் பார்த்துப் புதிய நேர் இழை (புரதமாகப் படிக்கக்கூடிய இழை) ஒன்றைச் செய்கிறது. அந்த இழை கூட்டின் துளை வழியாகச் சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. பழைய ஜோடி பழையபடியே உள்ளே சேர்ந்திருக்கும். டிஎன்ஏ பாடத்தில் படித்த ‘பாதி பழையது, பாதி புதியது’ முறையை இங்கே எழுதினால் தவறு. இது ஜோடி பிரியாத முறை. எல்லா இரட்டை இழை ஆர்என்ஏ வைரஸும் இப்படித்தான் என்றும் பொதுவாக எழுதிவிடாதீர்கள். பெனிசிலியம் பூஞ்சை ஒன்றில் வாழும் வைரஸ் பாதி-பாதி முறையில்தான் போகிறது.

வெளியே வந்த நேர் இழைக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ரைபோசோமிடம் போய்ப் புரதமாவது. மற்றொன்று, புதிதாகக் கட்டப்படும் கூட்டுக்குள் பொதியப்படுவது. பொதிந்த பிறகுதான் அதற்கு எதிர் இழை செய்யப்பட்டு மறுபடி ஜோடியாகிறது. நேர் இழை பிறப்பது பழைய கூட்டில், எதிர் இழை பிறப்பது புதுக் கூட்டில். இந்த இரண்டு படிகளையும் ஒரே அம்புக்குறியில் அடக்கிவிடுவதுதான் நான் பார்த்தவற்றில் மிகப் பரவலான பிழை. படம் வரைவதாக இருந்தால் கூட்டை இரண்டு தடவை வரையுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நகலெடுக்கும் நொதிக்குத் தனி எம்ஆர்என்ஏ உண்டு என்று எழுதுவதும் சகஜம். கிடையாது. ஒரே இழைதான். அதைப் படித்துக்கொண்டு போகும் ரைபோசோம், ஏறத்தாழ 2% தடவை ஓரிடத்தில் ஓரெழுத்து பின்னால் சறுக்குகிறது. சறுக்காவிட்டால் காக் மட்டும்; சறுக்கினால் காக்கோடு நொதியும் ஒட்டிய நீளமான காக்-போல். இந்த 2% ஏனோதானோ எண் அல்ல. ஒரு கூட்டுக்கு ஓரிரண்டு நொதி வேண்டும் என்ற கணக்குக்கு அது ஒத்துப்போகிறது. சறுக்கலின் அளவு வெகுவாகக் கூடினாலும் குறைந்தாலும் எல்-ஏவை நம்பி வாழும் எம்1 என்ற சிறிய இழை தாக்குப்பிடிக்காமல் காணாமல் போகிறது.

எம்1 என்று சொன்னேன் அல்லவா, அடுத்த குழப்பம் அதுதான். மற்ற ஈஸ்ட்டுகளைக் கொல்லும் நஞ்சை எல்-ஏ செய்வதில்லை. கே1 என்ற அந்த நஞ்சுக்கான குறிப்பு இருப்பது எம்1 என்ற ஒட்டுண்ணி இழையில். அந்த இழை எல்-ஏயின் கூட்டையும் நொதியையும் இரவல் வாங்கி வாழ்கிறது. எம்1 சிறியது, 1,800 இணைகள் அளவுதான். ஆகவே புது நேர் இழை உடனே வெளியேறாமல் உள்ளேயே தங்கி இரட்டிக்கக்கூடும். கூடு நிரம்பிய பிறகுதான் அடுத்தவை வெளியே வரும். ‘ஒரு கூட்டுக்கு ஒரு மரபுத்தொகுதி’ என்ற விதி எல்-ஏக்கு மட்டும் சரி.

வைரஸின் எம்ஆர்என்ஏவுக்கு செல்லின் எம்ஆர்என்ஏ போலவே முன்னால் தொப்பியும் பின்னால் பாலி-ஏ வாலும் இருக்கும் என்றும் எழுதுகிறார்கள். வால் கிடையவே கிடையாது. தொப்பியோ, செல்லின் எம்ஆர்என்ஏவிடமிருந்து பறித்தது. அந்தத் திருட்டைச் செய்வது காக் புரதமே. இப்படி அரைகுறையாக உடுத்திய ஆர்என்ஏவைச் செல்லின் ‘ஸ்கி’ ஜீன்கள் அடக்கிவைக்கின்றன. அவை பழுதானால் வைரஸ் பெருகி நஞ்சும் கூடும். ‘சூப்பர்கில்லர்’ என்பதன் சுருக்கம்தான் ஸ்கி.

அப்புறம், ஆய்வகத் தவறுகள். ஒற்றை இழை ஆர்என்ஏவை நீக்க ஆர்என்ஏஸ் ஏ போடும்போது உப்பைக் கவனியுங்கள். உப்பு அதிகமுள்ள கரைசலில் இரட்டை இழை தப்பிக்கும்; உப்பு குறைந்தால் அந்த நொதி அதையும் தின்றுவிடும். நான் முதல்தடவை வெறும் தண்ணீரில் போட்டு, வெற்று ஜெல்லைப் பார்த்தபடி இரண்டு நாள் பிரித்தெடுத்த முறையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சிடிஎன்ஏ, அதாவது ஆர்என்ஏவைப் பார்த்துச் செய்யும் டிஎன்ஏ நகல், செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். இழைகளைச் சூடாக்கிப் பிரித்து, உடனே பனியில் வைக்காவிட்டால், நகலைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டான பிரைமர் ஒட்ட இடமிருக்காது.

நஞ்சுச் சோதனையில், அதாவது நஞ்சுக்குச் சாகும் ஈஸ்ட் பரப்பிய தட்டில் நம் ஈஸ்ட்டை வைத்துச் சுற்றிலும் வெற்று வளையம் வருகிறதா என்று பார்ப்பதில், தட்டின் அமிலத்தன்மையும் வெப்பமும் முக்கியம். கே1 நஞ்சு பிஎச் 4.7 அளவில்தான் நன்றாக வேலை செய்யும். வழக்கமான தட்டில், 30 டிகிரியில் வைத்துவிட்டு வளையம் வரவில்லை, எம்1 போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மெத்திலீன் நீலம் கலந்த அமிலத் தட்டில், 20 டிகிரியில் மறுபடி போட்டுப் பாருங்கள். எம்1 இருந்தால் ஈஸ்ட் குடியிருப்பைச் சுற்றி வெற்றிடமும், அதன் ஓரத்தில் செத்த செல்களின் நீலக் கோடும் தெரியும்.