அண்டவியல் அளவுருக்களின் நம்பகமான மதிப்புகளைத் தேடிப் பெறும் முறை

பேரண்டத்தின் வயது, அது விரியும் வேகம், அதில் பொருளின் பங்கு ஆகிய அண்டவியல் அளவுருக்களை இணையத்தில் தேடுபவருக்கு ஒன்றோடொன்று பொருந்தாத பல எண்கள் கிடைக்கின்றன. அவற்றுள் பல பிழையானவை அல்ல. எந்த அளவீட்டிலிருந்து, எந்தக் கோட்பாட்டு மாதிரியைக் கொண்டு, எந்த ஆண்டில் பெறப்பட்டவை என்ற குறிப்பை இழந்து நிற்பவை. 1,370 கோடி ஆண்டுகள் என்ற வயது, பெருவெடிப்புக்குப் பின் எஞ்சிய பின்னணிக் கதிர்வீச்சை அளந்த டபிள்யூமேப் விண்கலத்தின் 2003ஆம் ஆண்டு முடிவு. இன்றும் அது பல நூல்களில் அப்படியே அச்சாகிறது.

தேடலைத் துகள் தரவுக் குழு வெளியிடும் துகள் இயற்பியல் மீளாய்விலிருந்து தொடங்குவது நல்லது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அந்த மீளாய்வை எவரும் கட்டணமின்றி அதன் இணையதளத்தில் படிக்கலாம். வானியற்பியல் மாறிலிகளின் அட்டவணையும், அண்டவியல் அளவுருக்களுக்கென்றே எழுதப்பட்ட தனி அத்தியாயமும் அதில் உள்ளன. பின்னணிக் கதிர்வீச்சுத் தரவுகளுக்காக நாசாவின் கோடார்ட் மையம் நடத்தும் லாம்டா காப்பகமும் நம்பத்தக்கதே.

இவை வழிகாட்டிகள் மட்டுமே என்பதால், அங்கிருந்து மூலக் கட்டுரைக்குச் செல்ல வேண்டும். பலரும் மேற்கோள் காட்டுவது, அதே கதிர்வீச்சை அளந்த பிளாங்க் விண்கலத்தின் குழு 2018இல் ஆர்க்கைவ் என்ற முன்வெளியீட்டுத் தளத்திலும் 2020இல் ஆய்விதழிலும் வெளியிட்ட முடிவுகளின் ஆறாம் கட்டுரை. அதன் சுருக்கத்தில், பேரண்டம் இன்று விரியும் வேகத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலி ஒரு மெகாபார்செக்குக்கு (ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டுகளுக்கு) நொடிக்கு 67.4 ± 0.5 கிலோமீட்டர் என்றும், பொருளடர்த்தி, அதாவது மொத்த ஆற்றலடர்த்தியில் பொருளின் பங்கு, 0.315 ± 0.007 என்றும் தரப்பட்டுள்ளன. வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். ஆனால், சுருக்கத்தோடு நின்றுவிடாமல் இரண்டாம் அட்டவணையைப் பார்ப்பது அவசியம். அதன் ஒவ்வொரு பத்தியும் (நெடுவரிசையும்) வெவ்வேறு தரவுத் தொகுப்பிலிருந்து வந்தது: விண்மீன் மண்டலங்களின் பரவலிலிருந்து பெறும் பேரியான் ஒலியலைத் தரவையும் (தொடக்ககாலப் பேரண்டத்தின் ஒலியலைகள் விட்டுச்சென்ற தடத்தையும்) சேர்த்த பத்தியில் அதே ஹபிள் மாறிலி 67.66 ± 0.42 ஆகவும், பொருளடர்த்தி 0.3111 ஆகவும் மாறுகின்றன.

எனவே எல்லா மதிப்புகளையும் ஒரே பத்தியிலிருந்து எடுக்க வேண்டும். என் கருத்தில் இதைவிட முக்கியமான விதி வேறில்லை. இந்த அளவுருக்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. விரிவு வேகத்தை ஓரிடத்திலும் பொருளடர்த்தியை வேறிடத்திலும் எடுத்துச் சேர்த்தால், எந்த அளவீடும் ஆதரிக்காத ஒரு பேரண்டம் உருவாகிவிடும். சான்றாக, ஒளி சீராக ஏறியிறங்கும் செஃபீட் விண்மீன்களையும், வெடிக்கும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களையும் கொண்டு தொலைவுகளை அளக்கும் ஷூஸ் ஆய்வுக் குழு 2022இல் வெளியிட்ட 73.04 ± 1.04 என்ற மதிப்போடு பிளாங்கின் 0.315ஐச் சேர்த்துக் கணக்கிட்டால், வயது சுமார் 1,270 கோடி ஆண்டுகளாகக் குறைந்துவிடுகிறது.

பிளாங்க், ஷூஸ் மதிப்புகளுக்கு இடையேயான வேறுபாடு, இரண்டின் கூட்டுப் பிழை வரம்பைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதன் காரணம் இன்னும் தெளிவாகவில்லை. ஆகவே இரண்டின் சராசரியை எடுத்து 70 என்று எழுதுவது நடுநிலை ஆகாது. இரண்டையும் அவற்றின் அளவீட்டு முறையோடு குறிப்பிடுவதே நேர்மையானது. தோராயக் கணக்குக்காக 70ஐப் பயன்படுத்தலாம், ஆனால் அது தெரிந்தெடுத்த எண் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

பிளாங்க் எண்கள் யாவும், தட்டையான வெளியையும், பேரண்ட விரிவை முடுக்கும் இருள் ஆற்றல் மாறாதது என்பதையும் கொண்ட, லாம்டா-சிடிஎம் எனப்படும் மாதிரியை ஏற்றுக்கொண்டு பெறப்பட்டவை. அரிசோனாவின் கிட் பீக் மலையில் இயங்கி, விண்மீன் மண்டலங்களின் பரவலை வரைபடமாக்கும் டெசி கருவியின் 2025 மார்ச் முடிவுகள், பின்னணிக் கதிர்வீச்சோடும் சூப்பர்நோவாக்களோடும் சேர்த்துப் பார்க்கையில், இருள் ஆற்றல் காலப்போக்கில் மாறக்கூடும் என்று கோடிகாட்டுகின்றன. அந்தச் சான்றின் வலிமை, எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா (புள்ளியியல் பிழை அலகு) வரை வேறுபடுகிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இது போதாது என்றாலும், இருள் ஆற்றலைப் பற்றி எழுதுபவர் மாதிரியின் பெயரைக் குறிக்காமல் விடுவதற்கு இனி இடமில்லை.

பைத்தான் நிரல் எழுதுபவர்கள் ஆஸ்ட்ரோபை என்ற வானியல் மென்பொருள் தொகுப்பில் முன்கூட்டியே அமைந்துள்ள பிளாங்க் 2018 தொகுதியை அழைத்தால், கையால் எண்களைத் தட்டச்சிடும் பிழை நேராது. அங்கே பொருளடர்த்தி 0.3111 அன்றி 0.30966 என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம், 0.06 எலக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள நியூட்ரினோவின் பங்கை அந்தத் தொகுப்பு தனியே கணக்கிடுகிறது.